1147 எண் ஸ்லைடு

தஞ்சாவூருக்கு வெளியே, வயலை மேடாக்கிக் கட்டிய ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் ஜெனிட்டா லேப் டெக்னீஷியன். நோயாளிகளிடமிருந்து எடுத்த சதையை மெழுகில் உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றித் தருவது அவள் வேலை. பார்த்து நோயைச் சொல்வது டாக்டர்கள் வேலை.

2009இல் அவள் அப்படிச் சாயம் ஏற்றிய ஸ்லைடுகளில் ஒன்று, எண் 1147, தம்பி ரெமிஜியஸுடையது. கத்தாருக்கு விசா வந்திருந்த நேரத்தில் அவன் கழுத்தில் கட்டி. காசநோய் என்று ரிப்போர்ட் வந்தது. பயணம் நின்றுபோயிற்று. மாத்திரை தொடங்கியும் கட்டி பெருத்தது. ஆள் எலும்பும் தோலுமாகி ஏழாம் மாதம் இறந்துபோனான்.

மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோயில் ஒருவன் ஏன் சாக வேண்டும்? பழி அவன் மனைவி ஷீபா மேல் விழுந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் ஜெனிட்டாவே கேட்டாள்: “வேளாவேளைக்குக் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?” முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நன்னிலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன ஷீபா திரும்பவில்லை.

எட்டு வருஷம் கழித்துக் கல்லூரி ஒரு ஸ்கேனர் வாங்கியது. ஸ்லைடை உள்ளே வைத்தால் மூலை முடுக்கெல்லாம் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிடும். பத்துப் பேர் ஒரு மைக்ராஸ்கோப்பில் முறைவைத்துக் குனிந்தது போய், மாணவர்கள் ஆளுக்கொரு திரையில் ஒரே செல்லைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பாடத்துக்காகப் பழைய காசநோய் ஸ்லைடுகளை ஏற்றச் சொன்னார் பேராசிரியர் துரைராசு. 1147 என்ற எண்ணைக் கண்டதும் ஜெனிட்டா அதைத் தனியே எடுத்தாள். ஒதுக்கி வைத்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு மற்றவற்றோடு அதையும் ஏற்றினாள்.

வகுப்பில் சுவேதா என்ற மாணவி அந்தப் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கி, ஆந்தை விழிக்கிற மாதிரி இரண்டு கண்ணோடு ஒரு செல் தெரிகிறதே என்றாள். துரைராசு அதைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தார். தேடத் தேட இன்னும் நாலைந்து அகப்பட்டன. இது நெறிகட்டியில் வரும் புற்றுநோய், பழைய ரிப்போர்ட் தப்பு என்றார்.

“அப்பவே கண்டுபிடிச்சிருந்தா அநேகமா பொழைச்சிருப்பாங்க. ஸ்லைடுல ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் போட்டிருக்காங்க.”

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஜெனிட்டா எல்லாரும் வெளியே போகும்வரை சுவரோரம் நின்றாள். “அது என் தம்பி சார்” என்றாள்.

 ரிப்போர்ட் எழுதிய டாக்டர் அயர்லாந்து போய் ஆறு வருஷமாகிறது என்று மட்டும் அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நன்னிலத்துக்குப் பஸ் ஏறினாள். ஷீபா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“ஒரு வேளை தவறல அண்ணி. வாந்தி எடுத்தாக்கூட மறுபடி குடுத்தேன். உங்கம்மா சாகுற வரைக்கும் நான்தான் கொன்னேன்னு சொன்னாங்க. இத ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிக் குடுங்க.”

ஜெனிட்டா மனு கொடுத்தாள். துரைராசு கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்; நிர்வாகம் விடவில்லை. அந்த வாரமே கம்ப்யூட்டரிலிருந்து 1147 எடுக்கப்பட்டது. அவளை ரத்தம் எடுக்கும் கவுண்டருக்கு மாற்றினார்கள். கண்ணாடி ஸ்லைடையாவது எடுத்து வைப்போம் என்று ஒரு மதியம் போய்ப் பார்த்தாள். பெட்டியில் அந்த எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கடைசியில் அவளே ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததையெல்லாம் எழுதி, தான் சொன்னது அபாண்டம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அதை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினாள். சிலர் அழுதார்கள். செத்தவனை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று சிலர் எழுந்து போனார்கள். தாளை ஷீபாவிடம் கொடுத்தபோது அவள் நின்றபடி முழுதும் படித்தாள். மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஷீபா வந்தாள். ரெமிஜியஸின் கல்லறைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஜெனிட்டா. ஷீபா மெழுகுவர்த்தி ஏற்றி, காற்றில் அணைந்ததை மறுபடி பற்றவைத்துவிட்டு, நன்னிலம் பஸ்ஸுக்கு நடந்தாள்.