பெத்த புள்ளையத் தூக்கப் பயந்தன்

சகோதரிகளே, இத ஒரு சபையில சொல்லுவனெண்டு நான் நினைச்சதில்ல. ஆனா அண்டைக்கு நான் இருந்த நிலையில உங்கள்ள ஒருத்தி இண்டைக்கு இருக்கலாம். அவளுக்காகச் சொல்றன்.

ஏழெட்டு வருசத்துக்கு முந்தி, எண்பதுகளின் தொடக்கத்தில, ஒரு மாரி காலத்தில, எனக்குத் தலைப்புள்ள கிடைச்சது. பொம்புளப் புள்ள. நசீமா எண்டு பேர் வச்சம். சாய்ந்தமருதுல எங்கட வீடு நிறைய ஆக்கள், எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அழுகைதான் வந்திச்சி. நித்திரை இல்ல. சோறு இறங்கல்ல.

பிறகு அந்த நினைப்பு வந்திச்சி. புள்ளையத் தூக்கினா, என்ட கையே அவளக் கிணத்துக்குள்ள போடுற மாதிரிக் கண்ணுக்கு முன்னால தெரியும். புள்ளைய உம்மாட மடியில போட்டுட்டு அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவன். பால் கட்டி நெஞ்சு நோகும். வெளியில புள்ள பசியில கத்தும். கிட்டப் போகப் பயம். இத ஆரிட்டச் சொல்ற? பெத்தவளுக்கு இப்படியும் நினைப்பு வருமா? என்னில ஷைத்தான் குடியிருக்கான் எண்டே நம்பினன்.

உம்மா, ஜின் பார்வை எண்டா. லெப்பை வந்து தண்ணி ஓதித் தந்தார், கையில நூல் கட்டினார். அவர் ஓதக்குள்ள மனசு கொஞ்சம் ஆறும். அவர் போன பிறகு நினைப்புத் திரும்பி வந்துரும்.

புள்ள பெத்து நாற்பது நாள் முடியாததால தொழவும் ஏலா. அதுதான் என்னை இன்னும் உடைச்சிது. ஒருநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு கேக்குது. பாயில இருந்தபடி கையேந்தினன். தொழுகைக்குத்தானே விலக்கு, துஆவுக்கு இல்லையே. "யா அல்லாஹ், என்ட வாயால சொல்ல ஏலாதது உனக்குத் தெரியும். என்ட புள்ளைய என்னட்ட இருந்து காப்பாத்து. இதக் கேட்டுப் பயந்து ஓடாத ஒரு மனிசர என்னட்ட அனுப்பு." வேற ஒண்டும் கேக்கல்ல.

அடுத்த நாள் காலையில, வீடு வீடாப் போய்க் குழந்தைகளப் பாக்கிற மருத்துவிச்சி வந்தா. வழமையாப் புள்ளையப் பாத்துட்டுப் போயிருவா. அண்டைக்கு என்ட பாயில வந்து இருந்தா. "புள்ள நல்லம். நீங்க எப்படி, ஹபீபா?" எண்டா.

புள்ள பிறந்த பிறகு அந்தக் கேள்விய ஆரும் என்னட்டக் கேக்கல்ல. அழுதழுது, புள்ளையத் தூக்கப் பயமா இருக்கெண்டு மட்டும் சொன்னன்.

கல்முனையில ஒரு பெண்கள் சங்கம் இருக்கு, மனசு நொந்த பெண்களோடயும் பயந்து போன பிள்ளைகளோடயும் இருந்து கதைக்கிறாங்க, காசு வாங்கிறதில்ல எண்டு அவதான் சொன்னா.

உம்மா விடல்ல. "பைத்தியத்துக்கு வைத்தியம் பாத்தாளெண்டு ஊர் கதைக்கும். தங்கச்சிக்கு மாப்பிள வருமா?"

என்ட மாப்பிள, நசீமாட வாப்பா, அப்பதான் வட்டையால வந்து, கால்ல வயல் சேறோட முற்றத்தில நிண்டார். அதிகம் கதைக்காத மனிசன். "மாமி, ஊர் கதைச்சாக் கதைக்கட்டும். எனக்கு இவ வேணும்" எண்டார். சைக்கிள்ள என்னை ஏத்தி, மழைத் தூறலுக்குள்ள கொண்டு போனார்.

அங்க இருந்தவ பாண்டிருப்பு ஊர்க் கமலா அக்கா. நெத்தியில பொட்டு. எங்கட ஆளில்லையே எண்டு முதல்ல தயங்கினன். அவ அவசரப்படுத்தல்ல. கடைசியில எல்லாத்தையும் சொன்னன், கிணத்தையும் சொன்னன். அவட முகம் மாறல்ல.

"அந்த நினைப்பு வந்தா எப்படி இருக்கும், தங்கச்சி?"

"பயம் அக்கா. செத்துரலாம் போல பயம்."

"சாக வேணுமெண்டு நினைச்சிருக்கீங்களா?"

"ஓம்" எண்டன். அதையும் அண்டைக்குத்தான் வாய் திறந்து சொன்னன்.

"சொன்னது நல்லம். உங்களப் போல பயந்து வந்த தாய்மாரோட நான் கதைச்சிருக்கன். நீங்க கெட்ட தாயில்ல. உங்களுக்குச் சுகமில்ல. இது சுகமாகிற வருத்தம்."

என்ட நெஞ்சில இருந்த கல்லு அந்த இடத்தில அசைஞ்சிது. அண்டைக்கே அவ என்னை டொக்டரிட்டக் கூட்டிட்டுப் போனா, மருந்து தந்தாங்க. பிறகு எங்கட வீட்டுக்கும் வந்தா. என்னைத் தனிய விடாதீங்க, கொஞ்ச நாளைக்கு ராவில புள்ளைய நீங்க பாத்து இவளத் தூங்க விடுங்க எண்டு உம்மாக்கு விளங்கப்படுத்தினா.

உம்மா கேட்டுட்டுக் கமலா அக்காட கையப் புடிச்சா. பிறகு முந்தானையால கண்ணத் துடைச்சிக்கிட்டுச் சொன்னா: "இவட தங்கச்சி பிறக்கக்குள்ள நானும் இப்படித்தான் கிடந்தன் மகள். ஜின் எண்டாங்க. நானும் நம்பிட்டன்."

நானும் உம்மாவும் கட்டிப் புடிச்சி அழுதம்.

ஒரேயடியாச் சுகமாகல்ல. சில நாள் நினைப்பு வரும். வந்தா, இது வருத்தத்திட கதை, என்ட கதையில்ல எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருப்பன். கமலா அக்காட்டப் போய் வருவன். நாற்பது குளிச்சி முதல் சுஜூதுக்கு நெத்திய வச்சன், எழும்ப மனம் வரல்ல. வேளாண்மை வெட்டுக் காலம் வரக்குள்ள, புள்ள என்ட நெஞ்சில பால் குடிச்சபடி தூங்கினா. நானும் தூங்கினன். அல்ஹம்துலில்லாஹ்.

நசீமா இப்ப பள்ளிக்கூடம் போறா. அவளுக்கு ஒரு தம்பியும் இருக்கான். அவன் பிறந்த நேரம் முதல் நாள்ல இருந்தே உம்மா என்ட பக்கத்தில இருந்தா. நான் இப்ப பிள்ளை பெத்த வீடுகளுக்குப் போனா, தொட்டில எட்டிப் பாக்க முந்தித் தாயிட முகத்தப் பாக்கிறன்.

என்ட சகோதரிகளே, ஓதிப் பாருங்க, துஆ கேளுங்க, நான் வேணாமெண்டு சொல்லல்ல. கேட்டதாலதான் நான் இண்டைக்கு உயிரோட நிக்கிறன். ஆனா அல்லாஹ் அனுப்புற ஆள் எந்த ஊரால, எந்த உடுப்பில வருவாரெண்டு எங்களுக்குத் தெரியா. வந்து பக்கத்தில இருந்து "நீங்க எப்படி?" எண்டு கேட்டா, "நல்லம்" எண்டு மட்டும் சொல்லிராதீங்க.