முனியாண்டியின் கத்தி

எலும்பைத் தொட்டது கத்தியா பல்லா என்று சொல்ல எனக்குப் படிப்பு வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். இன்று சிரம்பானில் என் கடை ஆட்டிறைச்சி இல்லாமல் பெரிய கல்யாண விருந்து நடக்காது. போன மாதம் பேத்தி என்னை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் யானை எலும்பு. அதன்மேல் இருந்த கீறல்களை வைத்துத்தான் ஆதி மனிதர்கள் யானையை அறுத்துத் தின்றதைக் கண்டுபிடித்தார்களாம்.

"இத நான் எட்டு வயசுலயே கண்டுபிடிச்சிட்டேன் லா," என்றேன். அவள் சிரித்தாள். நான் பொய் சொல்லவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய எமர்ஜென்சி காலம். லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தாலும் ஜெயில். அப்போதுதான் அப்பாவும் கூட்டாளிகளும் ரப்பர் மரங்களுக்கு நடுவே நாய்களை விட்டு மடக்கி, ஒரு காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்திச் சாய்த்தார்கள். ஓடைக்கரையிலேயே அறுத்து வீட்டுக்கு ஒரு கூறு. ஒரு முழுத் தொடையை மட்டும் அப்பா காட்டோரத்து முனியாண்டி கோயிலில் வைத்துவிட்டு வந்தார். சாமி பங்கு.

மறுநாள் அம்மாவோடு மரத்தடிகளில் உறைந்த ரப்பர் கட்டிப்பால் பொறுக்கப் போனவன், கோயிலை எட்டிப் பார்த்தேன். எலும்புதான் கிடந்தது. நாய் கடித்திருந்தால் நுனி நொறுங்கியிருக்கும். இதிலோ மெல்லிய கோடுகள். சதை சுத்தமாக வழித்தெடுக்கப்பட்டிருந்தது. சாமி கத்தி வைத்துச் சாப்பிடுகிறது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எலும்பைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்தேன். அம்மா பெண்கள் வரிசையில் பின்னால் நின்றாள். வேலிக் கேட்டில் சோதனை போடும் மலாய்க்காரப் போலீஸ்காரரிடம் நான்தான் முதலில் போனேன். வயதானவர், எங்கள் பேச்சு நன்றாகப் பேசுவார். பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம்.

"பாக்சிக், எங்க சாமி கத்தியால வெட்டித் திங்குது. இந்தக் கோட்டப் பாருங்க."

அவர் முகம் மாறியது. "இத யாரு சாமிக்கு வெச்சா?"

"எங்கப்பாதான். முழுத் தொடை."

அந்நேரம் பார்த்து வெள்ளைக்கார அதிகாரியின் ஜீப் மண்பாதையில் திரும்பியது.

"கீழ போடு," என்றார். என் கண்டுபிடிப்பை நான் போடுவேனா? நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வெடுக்கென்று பிடுங்கி ஓடையில் வீசினார்.

"அது நாய் கடிச்சது லா. கத்தி கித்தின்னு யார்கிட்டயாச்சும் சொன்னே, எல்லாரும் ஒன்னப் பாத்து சிரிப்பாங்க."

ஜீப் வந்து நின்றது. பையன் ஏன் அழுகிறான் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். இவர் ஏதோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தத் தொடை யார் வயிற்றுக்குப் போனதென்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் கடைசிவரை எங்களோடு இருந்தார். என்னிடம் உள்ளதெல்லாம் நானே சம்பாதித்தது என்று ஊரெல்லாம் சொல்கிறவன் நான். அப்பாவை மட்டும், தம் மார்க்கப்படி பன்றியைத் தொடவே கூடாத ஒருவர் தம் கையால் மீட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தேன். பாக்சிக் குழாயடியில் உட்கார்ந்து, கையில் மண்ணைத் தேய்ப்பதும் கழுவுவதும் மறுபடி கழுவுவதுமாக இருந்தார். சாமி எலும்பை வீசியவருக்குக் கை எரிகிறது போல, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.