ரோஹானாவின் சாய்வுமானியும் ஹைதரின் ரொட்டிக்கல்லும்

ரோஹானாவின் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சாய்வுமானி இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அடியில் காந்தம், முகத்தில் எண். எதன்மேல் வைத்தாலும் அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று காட்டிவிடும். கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில், உணவுக்கடைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. தொட்டியின் அடித்தட்டு, ஓட்டைப் பக்கமாகச் சாயாவிட்டால் தண்ணீர் தேங்கி நாறும். அந்தச் சாய்வைப் பார்ப்பது அவள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஃபெரி ஏறக்கூடாதா? மாட்டாள். கூரைத் தகட்டில் வைப்பாள், மழைநீர்க் குழாயில் வைப்பாள். அவள் வீட்டுக்கு அடுத்த வாசலில் பூக்கடை வைத்திருக்கும் என் மேசையையும் விடவில்லை.

"அக்கா, உங்க மேசை மூணு டிகிரி கோணல்."

"இருக்கட்டும்லா. என் மல்லிகை ஒண்ணும் உருண்டு ஓடல."

எனக்கு அவள்மேல் எரிச்சலும் உண்டு, பாசமும் உண்டு. பாசம்தான் கூட.

அவள் கணவர் ஹைதர், இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஹனீபா கடையில் வெகுகாலம் ரொட்டி போட்டவர். போன மாதம்தான் என் கடைக்குப் பக்கத்திலேயே சொந்தக் கடைக்கு இடம் பிடித்தார். விலகும்போது ஹனீபா, "ஒத்து வரலைன்னா திரும்பி வந்துடு ஹைதர், உன் இடம் காலியாத்தான் இருக்கும்" என்றாராம். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ஹைதருக்கு அது முள்ளாய்க் குத்தியது. திரும்பிப் போகவே கூடாது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே வைராக்கியம்.

கடை திறக்கும் நாள் வந்தது. தனியாகக் கடை போடுகிறவர் முதல் ரொட்டியைப் பழைய முதலாளிக்குத்தான் கொடுப்பார், அது ரொட்டிக்காரர்கள் வழக்கம். ஹனீபா வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். புது ரொட்டிக்கல்லை ரோஹானாதான் பொருத்தியிருந்தாள். கடை முகப்பில் அடுப்பு நிற்கும் அஞ்சடி நடைபாதைத் தரை, மழைநீர் ஓடத் தெருப்பக்கம் சாய்ந்திருக்கும் அல்லவா? அவள் அடுப்பின் கால் திருகுகளைத் திருகித் திருகி, கல்லைத் துளிகூடச் சாயாமல் நிறுத்தியிருந்தாள். "சைபர்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஹைதர் மாவை வீசிக் கல்லில் போட்டார். எண்ணெய் விட்டார். ரொட்டியின் ஒரு பக்கம் கருகியது, மறுபக்கம் காய்ந்த சப்பாத்தியாய் வெளுத்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததைத் தூக்கிக் குப்பையில் எறிந்தார். கல்லின் பின் ஓரத்தில் எண்ணெய் குட்டையாய் நின்று புகைந்தது.

"என்னங்க, முன்னால ஊத்துங்களேன்" என்றாள் ரோஹானா.

"கை கேக்க மாட்டேங்குது! பழைய கடையில பின்னால ஊத்துவேன், எண்ணெய் தானா என் பக்கம் வரும்."

ஹனீபா தொண்டையைச் செருமினார். "என் கடைக் கல்லுல ஒருநாளும் இப்படி ஆனதில்லையே." ஹைதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ரோஹானா கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அவசரமாக ஹனீபாவுக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்று வரவழைத்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி அவரை எழவிடாமல் பார்த்துக்கொண்டேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"மாமா, உங்க கல்லு கோணல்! நிக்கிற ஆள் பக்கமா ஒண்ணு புள்ளி ஆறு டிகிரி சாஞ்சிருக்கு."

ஹனீபா கடையில் கல் சூடாக இருந்ததால் அது உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தில் சாய்வுமானியை ஒட்டிப் பார்த்தாளாம். அங்கே ரொட்டி போடுபவர் நிற்பது தெருப்பக்கம்; சாய்ந்த தரையில் அடுப்பை அப்படியே வைத்துவிட்டார்கள். ஹைதரின் கை அந்தச் சாய்வுக்கே பழகிவிட்டது.

"என் கல்லா கோணல்?" என்று ஹனீபா வாயைப் பிளந்தார். அதற்குள் ரோஹானா ஸ்பேனரோடு குனிந்துவிட்டாள். தான் பெருமையாகக் கொண்டுவந்த சைபரைத் தன் கையாலேயே கெடுத்தாள். எண் ஒன்று புள்ளி ஆறில் நின்றது.

"இப்ப ஊத்துங்க."

ஹைதர் பின்னால் ஊற்றினார். எண்ணெய் மெல்ல அவர் பக்கம் நகர்ந்து ரொட்டியின் அடியில் புகுந்தது. சொர்ரென்ற சத்தத்திலேயே எங்களுக்குப் பசி எடுத்துவிட்டது. பொன்னிறமாகப் புரட்டி, இரண்டு கையாலும் தட்டி உதிர்த்து, ஹனீபா முன் வைத்தார்.

அவர் பிய்த்தார், பருப்புச் சாற்றில் தோய்த்தார், மென்றார். நாங்கள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டு காலியானது. பிறகு விரலைத் துடைத்துக்கொண்டே ரோஹானாவைப் பார்த்தார்.

"ஏம்மா, ஹைதருக்குன்னு காலியா வச்சிருந்த இடத்துக்கு நாளையிலிருந்து வேற ஆள் தேடணும் போலிருக்கே."

ரோஹானா தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். ஹைதர் யாரையும் பார்க்காமல் அடுத்த மாவை எடுத்து வீசினார்.