எண்ணூர்ச் சாலையில் ஒரு தொட்டில் மரம்

குருத்தோலை ஞாயிறு, காலை ஒன்பது மணி. ராயபுரத்து மாதா கோயிலில் பூசை முடிந்து, கையில் ஓலையோடு ஸ்டெல்லாவும் நானும் கிளம்பினோம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மறுநாள் அவர்கள் வீட்டுக்குத் தத்தெடுத்த பெண் குழந்தை வருகிறது. அதைப் பார்க்கத்தான் ஈரோட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தேன்.

குழந்தை வேண்டி ஸ்டெல்லா முன்பு எண்ணூர்ப் பக்கம் ஒரு அம்மன் வேம்பில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டியிருந்தாள். மாதாவைக் கும்பிடுகிறவள் அங்கே கட்டலாமா என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள். குழந்தை பிறந்ததும் அந்தத் துணியை அவிழ்த்து வந்து வீட்டுத் தூளியில் முடிய வேண்டும் என்பது வழக்கம்.

"நான் பெக்கலியேடி. அவுத்தா அம்மனாண்ட பொய் சொன்ன மாறி ஆவும். அவுக்கலைன்னா வேண்டுதல் பாக்கி கொயந்த தலமேல நிக்கும்," என்றாள் ஸ்டெல்லா. இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. மரத்தடிக்கே போய்ப் பார்த்துவிடுவோம் என்றுதான் கிளம்பியிருந்தோம்.

திருவொற்றியூர் தேரடிக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். காசிமேட்டு மீன் வாடை கடந்ததும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. கடற்காற்றில் எனக்குக் கண் சொக்கியது. லாரிகளுக்கு மேலே மரங்கள் மட்டும் தனியாக மிதந்து வருவதுபோல இருந்தது. முந்தின நாள் வியாசர்பாடியில் ஒரு புத்த விகாரையில் அரசமரத்தைப் பார்த்திருந்தேன். அங்கே யாரும் மரத்திடம் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்த மரம் கொடுத்துவைத்தது.

ஓட்டுநர் கண்ணாடியில் ஓலையைப் பார்த்தார். "யக்கா, உங்க மாதா, எங்க மரியம்மா, ஈசா நபியப் பெக்கசொல்ல பேரீச்ச மரத்தாண்டதான் இருந்தாங்க. கூட யாரும் இல்ல. மரந்தான் பழத்த உதுத்து பசியாத்திச்சு. எங்க பள்ளிவாசல் அஜரத் சொல்லுவாரு."

"அவங்க பெத்தாங்க," என்றாள் ஸ்டெல்லா, வெளியே பார்த்துக்கொண்டே. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தேரடியில் இறங்கிச் சிவன் கோயிலுக்குள் மகிழமரத்தைப் பார்க்கப் போனோம். அடியார் ஒருவர் தன் மனைவியிடம் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்த மரம். சத்தியம் தவறியதும் அவருக்குக் கண் போயிற்று என்பது ஊர்க்கதை. நல்ல நேரம் பார்த்து இந்தக் கதையைச் சொன்னேன் பாருங்கள், ஸ்டெல்லாவின் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும்.

இன்னொரு ஆட்டோ பிடித்து எர்ணாவூர் தாண்டி இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. லாரி நிறுத்தத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்து நின்றது வேம்பு. பூத்திருந்தது. கிளை தெரியாமல் தொட்டில்கள். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின. கொஞ்ச நேரம் வந்த காரியமே எனக்கு மறந்துவிட்டது.

ஸ்டெல்லா மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். உப்புக்காற்றில் மஞ்சளெல்லாம் வெளுத்து எல்லாமே ஒன்றுபோல இருந்தன. எதை எடுத்தாலும் பாதியில் கை நின்றது.

மரத்தடிப் பூக்கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா தேடிகினு கீற? உன்னுது ஆப்டாது. எல்லாரும் கைக்கு எட்னதத்தான் அவுத்துகினு போறாங்க. உன்னுத எவளாவது எப்பவோ எடுத்துகினு போயிருப்பா."

"யாரோ கட்னத எங்க வூட்டுக்கு எடுத்துகினு போலாமா?"

"போன வாரம் என் மருமவ எடுத்தாந்தா. பேரன் அதுலதான் தூங்கிகினு கீறான்."

எங்கள் ஈரோட்டுப் பக்கம் அடுத்தவர் கட்டியதைத் தொட்டால் அடிதடியே நடக்கும். ஸ்டெல்லா அந்தப் பெண்ணையே பார்த்தபடி நின்றாள். பிறகு தாழ்ந்த கிளையில் கைக்கு எட்டிய ஒரு தொட்டிலை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். வேப்பம்பூ தலையெல்லாம் உதிர்ந்தது, தட்டிவிடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அந்தத் துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள். ராயபுரம் பாலம் ஏறும்போது அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இத்த கட்னவ நல்லா இருக்கணும்டி. எங்க கொயந்தயப் பெத்தவளும்."