ஐந்து புள்ளி நான்கு கிலோமீட்டரும் ஒரு சாவிக்கொத்தும்

காசிக்குப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள், காஷ்மீருக்குப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். அண்ணனூரிலிருந்து பருத்திப்பட்டுக்குப் போனதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. வெறும் ஐந்து புள்ளி நான்கு கிலோமீட்டர்தானே, அதில் என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். எனக்கு அதைக் கடக்க ஏழு மாதம் ஆனது. அதனால் நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.40. புறப்பாடு. வண்டி, நூறு சிசி கியர் பைக். பதினொரு வருடமாக நான் ஓட்டும் வண்டி. பூந்தமல்லியில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினம் போக வர இதே ரோடு, இதே பைக். "பொம்பளைக்கு எதுக்கும்மா கியர் வண்டி, ஸ்கூட்டர் போதாதா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. போதாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால், வேலைக்குப் போகும் வழியில், பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் ஒரு வண்டி என் இடது பக்கம் வந்து இடித்தது. என்ன வண்டி என்று பார்க்கவில்லை. இடது காலில் ஒரு இடி, அப்புறம் முகத்துக்கு நேரே வானம், அவ்வளவுதான் நினைவு. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து, இப்போது உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. கால் கூடப் பரவாயில்லை, கூடிவிட்டது. கூடாதது வேறு ஒன்று. போலீஸ் தாளில், நானே நிலைதடுமாறி விழுந்ததாக எழுதியிருந்தது. சம்பவ இடத்தில் விசாரித்தார்களாம், யாரோ அப்படித்தான் சொன்னார்களாம். அதைப் படித்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே பேச்சு. கற்பகத்துக்கு வண்டி பேலன்ஸ் வரவில்லை, விழுந்துவிட்டாள். பதினொரு வருடம் மழையிலும் வெயிலிலும் ஓட்டியவளுக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டுப் போட்ட காலையே தூக்கி உதைத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் சேகருக்கு அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் வேலை. நல்ல மனுஷன். ஆனால் அவரும் அந்தத் தாளை நம்பினார். வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டார். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் அன்று பன்னிரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

"ஒரு தபா நான் ஓட்டிக்கினு போய் வர்றேன்," என்றேன்.

"எங்க?"

"உழுந்த எடத்துக்கு. நானா உழலன்னு சொல்றதுக்கு ஒரு ஆளோட வருவேன். வந்தா வண்டி எனக்கு. வரலன்னா குடுத்துடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"ஏழு மாசம் கழிச்சு எவன் வந்து சொல்லுவான்? உனக்கு இன்னா பைத்தியமா?"

"பன்னண்டு மணி," என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

என்னிடம் ஒரு துப்பு இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே விழுந்ததும் என் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. அதிர்ச்சியில் வந்த நடுக்கம்தான். ஆனால் நம் ரோட்டில் ஒருத்தி உதறினால் கூட்டம் என்ன செய்யும்? "வலிப்பு வந்துட்ச்சு, கையில இரும்பு குடு!" என்று கத்தும். யாரோ ஒரு ஆள் தன் சாவிக்கொத்தை என் வலது கையில் திணித்து, விரல்களை மூடி, "கெட்டியா புட்ச்சிக்கோ, உட்டுடாத, உட்டுடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்பளைக் குரல். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் குரல் என் தலைமாட்டிலேயே இருந்தது. நான் விடவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில்தான் நர்ஸ் விரலைப் பிரித்தார். இரும்பு பிடித்தால் நடுக்கம் நிற்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கு நின்றது போலத்தான் இருந்தது.

நான்கு சாவி. வளையத்தில் தண்ணீர் கேனின் நீல மூடி ஒன்றை ஓட்டை போட்டுக் கோத்திருந்தார்கள். அத்தனை பக்கத்தில் இருந்த ஆள் நடந்ததைப் பார்த்திருப்பார். அவருக்கு ஒரு கும்பிடும் பாக்கி, அவரிடமிருந்து ஒரு சாட்சியும் பாக்கி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பயணம்.

8.55. சி.டி.எச். ரோட்டில், அதாவது திருவள்ளூர் நெடுஞ்சாலையில், ஏறினேன். பங்கில் இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல். காற்று இலவசம் என்று போர்டு, அடிப்பவர் கையை நீட்டியதால் பத்து ரூபாய். இரண்டாவது கியருக்கு இடது கால் பெருவிரல் தானாகப் போனது. மூன்றாவதுக்கும் போனது. அடி சக்கை! ஏழு மாதம் பிசியோதெரபிக்காரரிடம் "தூக்குங்கம்மா, தூக்குங்கம்மா" என்று திட்டு வாங்கியது வீண் போகவில்லை. ஹெல்மெட்டுக்குள் நானே சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் பேருந்தில் ஜன்னலோரம் இருந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

9.10. ஆவடி. ஞாயிறு காலை என்பதால் கறிக்கடை வாசலில்தான் கூட்டம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்து பை தூக்கி வந்த குடும்பங்கள் ரோட்டைப் பாதி மறித்து நின்றன. பூந்தமல்லி ரோட்டுக்கு இடது பக்கம் திரும்பினேன். இண்டிகேட்டர் போட்டுத்தான். விழுந்து எழுந்த நாங்கள் காலியான ரோட்டிலும் இண்டிகேட்டர் போடுவோம்.

9.22. பருத்திப்பட்டு ஏரி. நடைப்பயிற்சி முடித்தவர்கள் வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இளநீர் அறுபது ரூபாய். நான் நிற்கவில்லை. நின்றால் வண்டியைத் திருப்பிவிடுவேனோ என்று பயம். ஆமாம், பயம்தான். அதுவரை ஜம்மென்று வந்தவளுக்கு அங்கே வாய் உலர்ந்தது. வேகம் இருபதுக்கு இறங்கியது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துத் தள்ளினார். "அடிப்பா, நல்லா அடி" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டினேன். இடது பக்கம் கம்பிக்கடை, வலது பக்கம் ஒரு சந்து, ரோட்டில் ஒன்றுமே இல்லை. எனக்கு நடந்ததற்கு ஒரு கோடு கூட அங்கே இல்லை. மீட்டரைப் பார்த்தேன், வீட்டிலிருந்து ஐந்து புள்ளி நான்கு. சந்து முனையில் ஒரு டீக்கடை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன்.

டீ பன்னிரண்டு ரூபாய், நல்ல டீ. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் பேபி அக்கா என்று கூப்பிட்டார்கள். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தேன்.

"அக்கா, ஏழு மாசத்துக்கு முன்னாடி இங்க பைக்ல இருந்து உழுந்தது நான்தான். இந்தச் சாவி யாருதுன்னு தெரியுமா? அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்."

அக்காவின் முகம் மலர்ந்து, நீல மூடியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. வடிகட்டியைக் கீழே வைத்தார்.

"நல்லா கீறியாம்மா? நடக்குறியா? எங்க காளாத்தா அம்மன் புண்ணியம்," என்றார். "சாவிய குட்த்துட்டு போ கண்ணு. நான் குட்த்துடுறேன்."

"இல்லக்கா, நேர்ல பாக்கணும். அவரு பாத்திருப்பாரு இல்ல, யாரு இடிச்சாங்கன்னு."

அக்கா அடுப்பைக் குறைத்தார். ஒரு துணியை எடுத்துத் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"அக்கா?"

"அவன்தாம்மா இடிச்சது," என்றார் மெதுவாக. "ஏழுமலை. தண்ணி கேன் போடுறான். லோடு ஆட்டோவ ஓரமா நிறுத்திக்கினு இருந்தான், பின்னாடி பாக்காம இந்தச் சந்துக்குள்ள வண்டிய வலிச்சு திருப்புனான். அவனேதான் ஓடியாந்து உன் தலைய மடியில வெச்சிக்கினு சாவிய குட்த்தான்."

நான் ஏழு மாதமாக ஒரு குரலைக் கும்பிட்டுக்கொண்டும், ஒரு டிரைவரைச் சபித்துக்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே ஆள்!

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லலையே அக்கா."

"தெனம் பாக்குற மூஞ்சிம்மா. எப்டி காட்டிக் குடுக்கறது?"

"நானும் பதினொரு வருஷமா தெனம் இந்த வழியா போறவதான்," என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். பன்னிரண்டு ரூபாயை எண்ணி வைத்தேன்.

10.05. ஏழுமலை தினம் பத்து மணிக்குக் கேன் இறக்க வருவாராம். வந்தார். நாற்பது வயது, ஒல்லி, தோளில் துண்டு. கேனைத் தோளில் வைத்தபடியே உள்ளே வந்தவர் மேசைமேல் இருந்த சாவியைப் பார்த்தார். அப்புறம் என்னை. கேனைக் கீழே வைத்தார், வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா..."

அதே குரல். கோபமாகத் திட்ட வேண்டும் என்று அரை மணி நேரமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் பாதி மறந்துவிட்டது. மீதிப் பாதியைத் திட்டினேன். மனுஷனா நீ என்று கேட்டேன். கம்பி வைத்த காலைக் காட்டினேன். கடையில் டீ குடித்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு நின்றார்கள்.

"நீதான் இடிச்சியா?"

"நான்தான்கா."

"போலீஸ்ல நானே உழுந்தேன்னு சொன்னது யாரு?"

"அதுவும் நான்தான்கா. கூட்டம் சேந்துச்சு, அட்ச்சே கொன்னுடுவாங்கன்னு பயந்துட்டேன். யாருப்பா பாத்ததுன்னு போலீஸ் கேட்டாரு. அவங்களே உழுந்துட்டாங்க சார்னு வாயில வந்துட்ச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் ரெண்டு தபா வந்தேன். உள்ள வர தெகிரியம் இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னிக்கு ஊட்டுப் பூட்டையே ஒடச்சிக்கினுதான் உள்ள போனேன்."

"நல்லா வேணும்," என்றேன்.

"நல்லா வேணும்கா," என்று அவரும் ஒப்புக்கொண்டார். பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கினார்கள். எவ்வளவு வேணும்னாலும் தருகிறேன் என்று ஆரம்பித்தார். காசு பேச்சை எடுக்காதே என்று நிறுத்தினேன்.

"எழுந்திரு. வண்டியில ஏறு."

"ஸ்டேஷனுக்காக்கா?"

"அங்கயும்தான் போகப் போறோம், நாளைக்கு. அந்தத் தாளை மாத்தணும். இப்போ எங்க ஊட்டுக்கு. இப்ப சொன்னத எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லணும். ஒரு எழுத்து குறையக் கூடாது."

பேபி அக்கா உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து ஏழுமலை தலையில் மாட்டினார். லோடு வண்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

10.40. திரும்பும் பயணம். பின்னால் ஏறி உட்கார்ந்த ஆளின் முழங்கால் நடுங்குவது எனக்கு வண்டியிலேயே தெரிந்தது. பைக்கே உதறியது. திரும்பிப் பார்த்தேன். கை இரண்டும் கிடுகிடு என்று ஆடின. சாவிக்கொத்தை எடுத்து அவர் வலது கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"கெட்டியா புட்ச்சிக்கோ. உட்டுடாத," என்றேன்.

ஏரி வரும் முன்னால் ஓரமாக நின்ற ஒரு ஷேர் ஆட்டோ கையும் காட்டாமல் இண்டிகேட்டரும் போடாமல் ரோட்டுக்குள் மூக்கை நீட்டியது. "அக்கா, லெஃப்ட்ல! லெஃப்ட்ல பாரு!" என்று காதுக்குள் அலறினார் ஏழுமலை. நான் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்து வலது பக்கம் ஒதுங்கியிருந்தேன்.

"பாத்துட்டேன்பா. அன்னிக்கும் பாத்துக்கினுதான் வந்தேன். நீதான் பாக்கல."

"ஆமாக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்.

அதன் பிறகு ஆவடி வரை நான் நாற்பதில் போனேன். வாய் உலரவில்லை.

11.15. அண்ணனூர். சேகர் வாசலில் நின்று வண்டியைக் கழுவத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார், வாங்க வருபவருக்குப் பளிச்சென்று காட்ட. பின்னால் இறங்கிய ஆளைப் பார்த்து "யாரு இது?" என்றார். ஏழுமலை ஹெல்மெட்டைக் கழற்றி, சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சந்துக்குத் திரும்பியது, பின்னால் பார்க்காதது, போலீஸிடம் சொன்ன பொய். ஒரு எழுத்து குறையவில்லை.

சேகர் அவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நான் கூட நம்பலையே கற்பகம்," என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஏழு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி.

அப்போது அவர் போன் அடித்தது. காட்டுப்பாக்கத்து ஆள், அரை மணியில் வந்துவிடுவாராம்.

"வர வேணாம் நைனா," என்றார் சேகர். "வண்டி விக்கிறதுக்கு இல்ல. ஓட்டுறவங்க ஊட்லயே கீறாங்க."