மிச்சம் அம்மாவுக்கு

பதினெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஊரப்பாக்கத்தில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. இரண்டாவது மாடி. ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கும் சத்தம் அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்கும். மகளுக்கு நாலு வயது. மகனுக்கு இரண்டு முடியவில்லை. ஒருத்தி வாயை மூட மாட்டாள், இன்னொருவன் ஓரிடத்தில் உட்கார மாட்டான். இவர்களுக்கு நடுவில் நான் ஒழுங்காகத் தலைவாரியிருந்தால் அன்று வீட்டில் விசேஷம் என்று அர்த்தம்.

என் கணவருக்குக் கிண்டியில் வேலை. சாயங்கால ரயிலில் வந்து இறங்குவார். எல்லோரையும்போலக் காலிங் பெல்லை அழுத்திவிட்டு உள்ளே வரலாம் அல்லவா? அதுதான் கிடையாது. கதவைத் தட்டுவார். மகள் உள்ளேயிருந்து "யாரு நீ?" என்பாள். இவர் அடித்தொண்டையில் "கல்லு யானை வந்துகீறேன்" என்பார்.

அந்த யானை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு போய், அங்கே பஸ் மாறி, குழந்தைகளோடு மாமல்லபுரம் போயிருந்தோம். கடலையும் கோயிலையும் மகள் சட்டையே செய்யவில்லை. ஐந்து ரதம் பக்கத்தில் நிற்கிற கல் யானையைப் பார்த்தவள்தான், அதை விட்டு நகர மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். "நீ வூட்டுக்கு வா, சாயந்தரமா யானை நம்ம வூட்டுக்கே வரும்" என்று இவர் வாக்குக் கொடுத்து இழுத்துவந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம், தினமும்!

யானை வந்ததும் மகளின் அடுத்த கேள்வி, "இன்னா கொண்ணாந்த?" பதில், "வேர்க்கடலை." ரயிலில் விற்கிற வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கடைசிக் கேள்வி, "யாருக்கு?" அதற்கு அவர் குரலைத் தாழ்த்தி, ரகசியம் பேசுவதுபோல, "தம்பிக்குக் கொஞ்சம், பாப்பாவுக்குக் கொஞ்சம், மிச்சம் அம்மாவுக்கு" என்று சொல்ல வேண்டும். வரிசை மாறாமல் சொன்னால்தான் கதவு திறக்கும். பசியில் பொறுமையிழந்து "அப்பாதான் வந்துகீறேன், தொறடி செல்லம்" என்று சொல்லிவிட்டாரோ, போச்சு. "பொய்யி! நீ எங்கப்பா இல்ல" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இந்தக் கூத்துக்காகவே கதவின் கீழ்ப்பக்கம், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு சின்னத் தாழ்ப்பாள் வேறு வாங்கிவந்து பொருத்தினார். எனக்கு எரிச்சலாக வரும். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டுத் தலைவர் வாசலில் நின்று யானைக் குரலில் பேசிக்கொண்டிருப்பார். போதாக்குறைக்கு எதிர் வீட்டு அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் நைட் டியூட்டி, பகலெல்லாம் தூக்கம். ஒரு மத்தியானம் பிள்ளைகள் ஓடியாடியதற்கு, "கொஞ்சம் மெதுவாம்மா, கண்ண மூட முடியல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து படியில் பார்த்தால் நான் சிரிப்பதோடு சரி. நம்மைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

அது கார்த்திகை மாதம். ஒரு சனிக்கிழமை காலை. இவர் வேலைக்குப் போய்விட்டார். சாமி அலமாரியில் விளக்கேற்றிவிட்டு, அடுப்பில் பாலை வைத்தேன். திடீரென்று தூறல். இரண்டு நாளாகக் காயாத துணியெல்லாம் அப்போதுதான் மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் காய்ந்திருந்தது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "தம்பியப் பாத்துக்க, இதோ வந்துர்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கை நிறையத் துணியோடு இறங்கி வந்தால், கதவு திறக்கவில்லை. கீழ்த் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

காலால் தட்டினேன். உள்ளேயிருந்து குஷியான குரல், "யாரு நீ?"

"அம்மாடி. தொற."

"பொய்யி! எங்கம்மா மாடில கீறாங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். அப்புறம் மூக்கில் ஏறியது பால் தீய்ந்த வாடை. பொங்கி வழிந்துவிட்டது. வழிந்த பால் அடுப்பை அணைத்திருந்தால்? கேஸ் வந்துகொண்டே இருக்குமே! அடுத்த அறையில் நான் ஏற்றிய விளக்கு எரிகிறதே! துணியெல்லாம் கையிலிருந்து விழுந்தது. "தொறடி! ஒதைக்கப் போறேன் பாரு! தொற!" என்று இரண்டு கையாலும் கதவை அடித்தேன். நான் அடிக்க அடிக்க உள்ளே மகன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். மகளின் சத்தம் நின்றுபோனது. அவள் பயந்துபோய் எங்கேயோ ஒளிந்துகொண்டாள் என்பது புரிந்தது. போன் உள்ளே. அடுப்படி ஜன்னல் இந்த உயரத்தில், அந்தப் பக்கம். கதவோ நல்ல தேக்கு. தோளால் முட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

எதிர்க் கதவு திறந்தது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்கத்தில் வீங்கிய கண்ணோடு அக்கா நின்றிருந்தார். "இன்னாம்மா இது, காலங்காத்தால?"

அழுகையும் பேச்சுமாக எதை எதையோ சொன்னேன். கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை.

"நீ கத்தாத. கத்துனா கொயந்த இன்னும் உள்ள பூந்துக்கும். தள்ளு."

தாழ்ப்பாள் இருந்த உயரத்துக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரலை மடக்கி, என் கணவர் தட்டுகிற மாதிரியே தட்டினார். பிறகு அடித்தொண்டையில் சொன்னார்: "கல்லு யானை வந்துகீறேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மறுபடி தட்டினார். "மாமல்லபுரத்துலேர்ந்து நடந்தே வந்துகீறேன். காலு நோவுது பாப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்குப் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். "இன்னா கொண்ணாந்த?"

"வேர்க்கடலை."

"யாருக்கு?"

அக்கா ஒரு நொடி தடுமாறினார். "பாப்பாக்கு... அப்பால தம்பிக்கு..."

"பொய்யி!"

அக்கா என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "அத்த மட்டும் உன் வூட்டுக்காரரு மெதுவா சொல்லுவாரும்மா. என் கதவாண்ட கேக்காது. நீ சொல்லு, சீக்கிரம்."

மண்டியிட்டேன். அதைத் தினமும் கேட்டவள்தான் நான். தோசை திருப்பிக்கொண்டே, "போதுமே, உள்ள வாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கேட்டது. அழுத குரல் யானைக் குரலாகவே வந்தது.

"தம்பிக்குக் கொஞ்சம். பாப்பாவுக்குக் கொஞ்சம்." அதற்கு மேல் வரவில்லை. அக்கா என் முதுகில் கைவைத்து அழுத்தினார். "மிச்சம்... மிச்சம் அம்மாவுக்கு."

தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்ந்தது.

குப்பென்று கேஸ் வாடை அடித்தது. நான் ஓடிப் போய் அடுப்பையும் சிலிண்டரையும் மூடினேன். "சுவிட்சத் தொடாத!" என்று கத்திக்கொண்டே அக்கா இரண்டு பிள்ளைகளையும் வாரி வெளியே விட்டார். விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. துண்டின் நுனியால் திரியை அமுக்கி அணைத்துவிட்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். பிறகு நாங்கள் நாலு பேரும் படியில், ஈரமும் அழுக்குமாகக் கிடந்த துணி மேலேயே உட்கார்ந்தோம். பிள்ளைகளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேனோ, மகன் நெளிந்து என்னைக் கடித்துவிட்டான். அந்தக் கடி அவ்வளவு இனித்தது எனக்கு.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கவலை வேறு. "வேர்க்கடலை எங்க?"

அக்கா எழுந்து தன் வீட்டுக்குள் போய் டப்பாக்களை உருட்டினார். ஒரு கிண்ணத்தோடு வந்தார். "யானை ஊர்ல இன்னிக்கு வேர்க்கடலை கெடைக்கலியாம். பொட்டுக்கடலையும் சக்கரையும் குடுத்துவுட்டுச்சி. துன்னு."

"உங்க தூக்கத்தையும் கெடுத்துட்டோம்க்கா. ஏற்கனவே பசங்க சத்தம் உங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"அட நீ ஒண்ணு" என்றார். "மத்தியான ஆட்டம் தான் பேஜாரு. சாயந்தரம் யானை வந்தா தான் நான் எழுந்துக்கறதே. அதான் எனக்கு அலாரம். உன் வூட்டுக்காரரு லேட்டா வந்தா எனக்கும் டியூட்டிக்கு லேட்டு, தெரியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "என் பொண்ணு ஹாஸ்டல்ல கீறா. வூட்ல பேச்சுக்கொரலே கெடயாதும்மா" என்றார். எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் இவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றினார். மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கே தாங்கவில்லை. "நீங்க வெளிய போய்ட்டு வாங்க" என்றேன். போய்க் கதவைத் தட்டினார். மகள் கேள்விகளைக் கேட்டாள், மகன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கடைசி பதில் வந்ததும் மேல் தாழ்ப்பாளை நான் திறந்தேன். எதிர் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அன்று கடலைப் பொட்டலத்தில் அக்காவுக்கும் ஒரு பங்கு சேர்ந்தது.

அதிலிருந்து தாழ்ப்பாள் திறப்பது என் வேலை ஆயிற்று. தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு வந்து நிற்பேன். மகள் பள்ளியில் பெரிய வகுப்புக்குப் போய், "அப்பா, போதும்ப்பா, பக்கத்து வீட்ல சிரிக்கிறாங்க" என்று சொல்லும் நாள்வரை அது நடந்தது. எந்த நாளோடு நின்றது என்று கேட்டால் எங்கள் யாருக்கும் நினைவில்லை.

இப்போது மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். அக்கா தன் மகளோடு இருக்கப் போய்விட்டார், போன் செய்தால் முதல் கேள்வி, "யானை நல்லாக்கீதா?" கதவுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. கீழே அந்த ஸ்க்ரூ ஓட்டைகளை மட்டும் அடைக்க நான் விடவில்லை. அவரவரிடம் சாவி இருக்கிறது. யாரும் யாரையும் "யாரு நீ" என்று கேட்பதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், சாவி இருந்தும் இவர் கதவைத் தட்டினார். அடுப்படியிலிருந்தே என் வாய் தானாகக் கேட்டது, "யாரு நீ?"

"கல்லு யானை." குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"இன்னா கொண்ணாந்த?"

"வேர்க்கடலை."

கதவருகே போய் நின்றுகொண்டு, "யாருக்கு?" என்றேன்.

வெளியே பொட்டலம் சரசரத்தது. பிறகு சொன்னார், "இனிமே பங்கு கேக்க யாரு கீறாங்க? முழுசும் அம்மாவுக்கு தான்."

கதவைத் திறந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அது முழுவதும் என் கையில் இருந்தபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமும் எனக்குப் பிடித்திருந்தது கடலை இல்லை, பிள்ளைகள் தின்றது போக எனக்கு வந்த அந்த மிச்சம்தான் என்று.