என் திருமணத்துக்கு வராத அண்ணை

அளவெட்டியில் பிறந்து, காங்கேசன்துறையில் தனித்து வாழ்ந்து, அங்கேயே கண்மூடிய எங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாளில், அவருடைய ஒரே உடன்பிறப்பான நான் இதை எழுதுகிறேன்.

ஐயா காலமானபோது அண்ணைக்குப் பத்தொன்பது வயது, எனக்கு மூன்று. நான்கு வருடத்தில் அம்மாவும் போய்விட்டார். சீமெந்து ஆலையொன்றில் மின்வேலைக்குச் சேர்ந்து அண்ணையே என்னை வளர்த்தார். தலை பின்னிவிடுவதைக்கூடப் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டுப் பழகினார். தனக்கென்று பேசிவந்த சம்பந்தங்களை என்னைக் காட்டியே தட்டிக்கழித்தார்.

எழுபதுகளின் பிற்பகுதியில், சுண்ணாம்புக்கல்லைச் சுடும் நீண்ட இரும்புக் குழாயான ஆலைச் சூளையைச் சுழற்றும் பெரிய மோட்டாருக்குப் புதிய மின்வலு அலகுகள் ஆறு வெளிநாட்டிலிருந்து வந்தன. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை அவைதான். பொருத்த வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் நோயுற்று இரண்டாம் நாளே திரும்பிவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அண்ணை தனியே வேலையைத் தொடங்கினார். என் திருமணத்துக்கு அப்போது பத்து நாட்கள் இருந்தன.

முதல் ஓட்டத்தில் ஓர் அலகு அளவுக்கு மீறிச் சூடேறியது. ஆறையும் கழற்றினார். அடியைத் துடைத்து, வெப்பம் கடத்தும் பசையை மெல்லியதாகப் பூசி, திருகாணிகளை ஒரே அளவாக இறுக்கினார். அதில் நாட்கள் போயின. சுமையேற்றி மின்னோட்டத்தின் எல்லையைப் படிப்படியாக உயர்த்தவேண்டிய வேலை திருமண நாளன்று வந்து விழுந்தது. மேலதிகாரி வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். சூளையில் நெருப்பு மூட்டியாயிற்று, சூட்டோடு அது சுழலாமல் நின்றால் வளைந்துவிடும் என்று அண்ணைதான் மறுத்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்கவேண்டியவர் அண்ணை. சித்தப்பாவின் மகன் கழுவினான். மணவறையில் இருந்தபடி நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை வந்து சேர்ந்தபோது நாங்கள் மாப்பிள்ளையின் ஊரான வட்டுக்கோட்டைக்குப் புறப்பட்டுவிட்டோம்.

பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடிப்பார், என் கணவரோடு நாலு வார்த்தை கதைப்பார், போய்விடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நில்லுங்கோ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை கதவடியில் நின்று சொன்னார்:

"தங்கச்சி, அண்டைக்கு என்னாலை வர ஏலாமல் போச்சு."

"ஓம், தெரியும்," என்றுவிட்டு நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனேன்.

செத்தவீட்டில், அண்ணையோடு வேலை செய்த சின்னராசா என்னைத் தேடி வந்தார். "உங்கடை கலியாணத்தண்டு ஒருக்கா மணிக்கூட்டைப் பாத்தவர், பிள்ளை. ‘இப்ப தாலி கட்டியிருப்பினம், என்ன?’ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டன். கண்ணைத் துடைச்சுப்போட்டுத் திரும்ப வேலையிலை குனிஞ்சவர்."

அண்ணையின் இருதயம் ஒரு காலைப்பொழுதில், வீட்டில் அவர் தனியே இருக்கையில் நின்றது. தேடிப்போய்க் கதவை உடைத்த சின்னராசாவுக்கும், அண்ணைக்கு நெடுங்காலம் சோறு கொடுத்தனுப்பிய சின்னராசாவின் மனைவிக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர், அயலவர் அனைவருக்கும் என் நன்றி.

அண்ணை வேலைக்கு வரவில்லை என்பதை ஆலை ஒரு மணித்தியாலத்தில் கவனித்தது. அவர் கடைசி இரண்டு மாதமும் என் வீட்டுக்கு வராததை நான் கவனிக்கவில்லை.

தங்கை